ஒளிந்திருக்கும் விளக்கும் அரக்குப் புடவையும்

1

சாயங்காலம் விளக்குப் போட்டதும் கைகூப்பிக் கும்பிடுகிற பழக்கம் உங்கள் வீட்டிலும் இருக்கும். காஞ்சிபுரத்தில் நாங்கள் குண்டு பல்பைப் பார்த்துக் கும்பிட்டோம். கரண்ட் போன அன்று சிம்னி விளக்கைப் பார்த்துக் கும்பிட்டோம். கனடாவில் டொரன்டோ நகரத்துக்குக் குடிவந்து எட்டாவது வருஷம் நடக்கிறது. என் மனைவி சரோஜா இன்னும் இந்தப் பழக்கத்தை விடவில்லை. பனிக்காலத்தில் இங்கே சீக்கிரமே இருட்டிவிடுவதால், ஊரில் மத்தியானத் தூக்கம் கலைந்து எழுகிற நாலரை மணிக்கெல்லாம் அவள் இங்கே கும்பிட்டே முடித்துவிடுகிறாள்.

போன வாரம் எங்கள் கூடத்தில் இருந்த பழைய தொங்கு விளக்கைக் கழற்றிவிட்டு, கூரைப் பலகைக்குள் புதைத்து வைக்கிற விளக்குகளை மாட்டினேன். எலக்ட்ரீஷியன் வீட்டிலேயே பழைய விளக்குத் தொங்கினால் எவன் மதிப்பான் என்கிற வீம்புதான். சரோஜா சுவிட்சைப் போட்டாள். கையைக் கூப்பினாள். கூப்பிய கையோடு மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

“வெளிச்சம் இருக்குது. வெளக்கு எங்க இருக்குது? நான் எத்த பாத்துக் கும்பிடறது?”

உள்ளே புதைந்த விளக்கின் குணமே அதுதான். நேர் கீழே போய் அண்ணாந்து பார்த்தாலொழிய பல்பு கண்ணில் படாது. நான் பதில் யோசிப்பதற்குள் எங்கள் மகள் மலர், ஆறு வயது, சுவரில் இருக்கும் சுவிட்சுக்கு எதிரே போய் நின்று கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு விளையாட ஓடிவிட்டாள். கேட்டால், அதைத் தட்டினால்தானே வெளிச்சம் வருகிறது என்று ஆங்கிலத்தில் சொல்கிறாள். அவளுக்குத் தமிழ் நன்றாகப் புரியும். பதில் மட்டும் ஆங்கிலத்தில்தான் வரும்.

நாங்கள் சிரித்தோம். ஆனால் சரோஜாவின் கேள்வி என்னை விடவில்லை. பதினாறு வயதில் வயர் பிடித்தவன் நான். விளக்கு எங்கே இருக்கிறது, வெளிச்சம் எங்கே விழுகிறது என்கிற இரண்டும் வேறு வேறு சங்கதி என்பதை இந்தக் குளிர்காலத்தில் ஒரு புடவைக் கடையில்தான் சரியாகத் தெரிந்துகொண்டேன். அதைத்தான் உங்களுக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

2

இங்கத்து எலக்ட்ரீஷியன்கள் இந்த விளக்கைப் ‘பானை விளக்கு’ என்கிறார்கள். பெயர் சரிதான். ஒரு தகரப் பானையைக் கவிழ்த்துக் கூரைக்குள் செருகி, அதற்குள் பல்பைத் திருகியதுபோல இருக்கும். நம் ஊரில் ஒருவருடைய திறமை வெளியே தெரியாமல் போனால் ‘குடத்திலிட்ட விளக்கு’ என்று பரிதாபப்படுவோம். இங்கே காசு கொடுத்து விளக்கைக் குடத்தில் இடுகிறார்கள். முதன்முதலில் சரோஜாவுக்கு இதை விளக்கியபோது, “இவங்களுக்கு காசும் கொழுப்பும் பெருகிப்போச்சு” என்று அவள் பாணியில் ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

வந்த புதிதில் எனக்கு மின் வேலை செய்யவே அனுமதி கிடைக்கவில்லை. மதராஸ் சர்க்கார் கொடுத்த வயர்மேன் லைசென்ஸை அலுவலகத்தில் நீட்டினேன். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, உங்கள் ஊரில் மின்சாரம் உண்டா என்று ரொம்ப மரியாதையாகக் கேட்டார். உண்டு, சில நாட்களில் என்று சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன். மறுபடி பரீட்சை எழுதி, மறுபடி ஒருவர் கீழ் வேலை பார்த்து, அப்புறம்தான் சொந்தமாக ஏணி தூக்கினேன். பாஷையும் சேர்ந்து படுத்தியது. மின்சார பில்லை இவர்கள் ‘ஹைட்ரோ’ என்பார்கள். அருவியிலிருந்து எடுக்கிற கரண்டாம். முதல் பில் வந்தபோது சரோஜா அதைத் தண்ணீர் பில் என்று நினைத்துக்கொண்டு, பாத்திரம் கழுவும்போதெல்லாம் குழாயை நூல்போலத் திறந்துவைத்தாள்.

எண்ணெய் விலை ஏறியதிலிருந்து வாடிக்கைக்காரர் எல்லோருக்கும் ஒரே கேள்விதான். பில் குறையுமா? எனக்கு இந்தக் கேள்வி பிடிக்கும், ஏனென்றால் இதற்கு நேரான பதில் கிடையாது. சாதாரண குண்டு பல்பைப் பானைக்குள் போட்டால் பாதி வெளிச்சம் தகரத்தைச் சூடாக்கிவிட்டுச் செத்துப்போகும். உள்பக்கம் வெள்ளி பூசிய பல்பைப் போட்டால் அத்தனையும் கீழே இறங்கும். அதனால் சின்ன பல்பே போதும். டியூப் லைட் போட்டால் இன்னும் மிச்சம். ஆனால் இன்னொரு பக்கம், வீட்டுச் சூடு வெளியே போகாமல் இருக்கக் கூரைக்கு மேலே பஞ்சு மெத்தை மாதிரி ஒன்றைப் பரப்புகிறார்கள். அது பானையைத் தொட்டால் உள்ளே வெப்பம் ஏறி நெருப்பே பிடிக்கலாம். மின்சார இன்ஸ்பெக்டர் டார்ச் லைட்டோடு மேலே ஏறி, பானையைச் சுற்றி இடம் விட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். ஒரு சிக்கனம் இன்னொரு சிக்கனத்தின் கழுத்தைப் பிடிக்கிறது.

ஆகவே நான் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்பேன். இந்த இடத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள்? பலர் விழிப்பார்கள். உட்காருவோம் என்பார்கள். உட்கார்ந்து என்ன செய்வீர்கள் என்று கேட்டால் சிலர் கோபித்துக்கொள்வார்கள்.

3

ஹன்ஸாபென் அந்தக் கேள்விக்குப் பட்டென்று பதில் சொன்னவர். “இந்த இடத்தில் நான் பிழைப்பேன்” என்றார்.

அவர் குஜராத்திக்காரர். பிறந்து வளர்ந்தது ஆப்பிரிக்காவில், உகாண்டாவில். அங்கிருந்த இந்தியர்களை எல்லாம் ஊரைவிட்டே விரட்டியபோது, புருஷன் ஜெயந்திபாயோடு கையில் அகப்பட்ட பெட்டியோடு இங்கே வந்து இறங்கியவர். பிஸ்கட் தொழிற்சாலையில் நின்றுகொண்டே வேலை பார்த்துச் சேர்த்ததை வைத்து, டொரன்டோவின் கிழக்குப் பக்கத்தில் ஒரு புடவைக் கடை போட்டிருந்தார். தமிழ்க் குடும்பங்கள் கூடிவருகின்றன என்று நம்பி, முக்கால்வாசிச் சரக்கு காஞ்சிபுரம் பட்டு. அதிலும் முகூர்த்தத்துக்கு என்று அரக்குச் சிவப்பாகப் பார்த்து வரவழைத்திருந்தார். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது ஓட்டை ஆங்கிலம். அதை நான் இங்கே தமிழாக்கித் தருகிறேன்.

“தமிழ்ப் பெண்கள் வருவதே இல்லை” என்றார். “பொங்கலுக்கும் வரவில்லை. வசந்த காலத்தில் வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும். அதற்குள் இந்தப் பட்டு போகாவிட்டால் கடையை மூடிவிடுவோம் என்கிறார் இவர். நான் மறுபடி பிஸ்கட் அடுக்கப் போக வேண்டும். கடை இருட்டாக இருக்கிறதோ என்று பார்த்துச் சொல்லுங்கள். பில் மட்டும் ஏறக் கூடாது.”

ஜெயந்திபாய் கதவோரமாக முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பணம் கட்டாத சரக்கு இந்தக் கதவைத் தாண்டக் கூடாது என்று கொட்டை எழுத்தில் ஓர் அட்டை அவர் தலைக்கு மேலே தொங்கிற்று. முன்பு யாரோ ஒருத்தி ஒரு புடவையை மேல்கோட்டுக்குள் சுருட்டிக்கொண்டு போய்விட்டாளாம். அதிலிருந்து அந்த முக்காலி.

கடை இருட்டாக இல்லை. அதற்கு முன்னால் அங்கே இன்ஷூரன்ஸ் ஆபீஸ் இருந்ததாம். கூரைக்குள் தகரத் தட்டுகளில் வரிசையாக டியூப் லைட் புதைத்திருந்தார்கள். பேப்பர் படிக்க அற்புதமான வெளிச்சம். கரண்டும் அதிகம் தின்னாது. கண்ணாடி முகப்பை அடைத்துப் புடவைகளைத் தொங்கவிட்டிருந்ததால் பகல் வெளிச்சம் உள்ளே வரவில்லை. தரையில் பனிச்சேறு தெரியாதிருக்கக் காப்பி நிறத்தில் கம்பளம். ஏணி வைத்து ஒவ்வொரு தட்டாகத் திறந்து பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. பிறகு ஏன் எனக்கு அந்த இடத்தில் காய்ச்சல்காரன் அறையில் நிற்பதுபோல இருந்தது என்று விளங்கவில்லை.

4

காஞ்சிபுரத்தில் நான் வயர்மேனாக இருந்தபோது பெரும்பாலும் தறி வீடுகளில்தான் வேலை. ஒரு வீட்டுக்கு ஒரு பல்பு, நாற்பது வாட். அதை ஓரிடத்தில் மாட்டவிட மாட்டார்கள். தறிக்கு மேலே குறுக்காகக் கம்பி கட்டி, வளையத்தில் பல்பைத் தொங்கவிட வேண்டும். இழை அறுந்தால் பின்னால் நீள இழைகள் வருகிற பாவுப் பக்கம் இழுத்துக்கொள்வார்கள். கரையையும் உடலையும் கோர்க்கும்போது ஓரத்துக்கு இழுத்துக்கொள்வார்கள். சோறு வடிக்கும்போது அதே பல்பு அடுப்படிக்குப் போகும்.

ஒரு வீட்டில் நான் அதிகப்பிரசங்கித்தனமாக, நாலு மூலைக்கும் நாலு பல்பு போட்டால் என்ன என்று கேட்டேன். வீட்டுக்கார அம்மா நூல் சுற்றுவதை நிறுத்தாமலே சொன்னார்: “ஊடு முழுக்க வெளிச்சம் வெச்சுக்கினு நான் இன்னா திருவிழாவாப்பா நடத்தறேன்? எழ அறுந்தா எழ தெரியணும். அவ்ளோதான்.” அந்த அம்மாதான் பிறகு எனக்கு மாமியார் ஆனார்.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. பெரிய வீதியில் ஒரு பட்டுக் கடை முதலாளி ஊரிலேயே முதலாக டியூப் லைட் போட்டார். மாட்டியவன் நான். கடை பளிச்சென்று ஆகிவிட்டது. ஆனால் முசரவாக்கத்திலிருந்தும் ஓரிக்கையிலிருந்தும் கல்யாணத்துக்குப் பட்டெடுக்க வருகிறவர்கள், முன்போலவே புடவையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போனார்கள். நடுத்தெருவில் வெயிலில் விரித்து, இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி பிடித்து, சாய்த்துப் பார்த்து, மடித்துக்கொண்டு உள்ளே வருவார்கள். மாட்டு வண்டிகள் நின்று வழிவிடும். கடைக்காரர் யாரும் பின்னால் ஓட மாட்டார்.

முதலாளி மட்டும் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். “இவ்ளோ செலவு பண்ணி வெளக்கு போட்டேன். இன்னும் தெருவுக்கே தூக்கினு போறாங்களேப்பா. நம்ம மேல நம்பிக்கை இல்லியா?”

நானும் அப்படித்தான் நினைத்தேன். வியாபாரி பேச்சை நம்பாத ஜனங்கள், பழக்கத்தை விடாத ஜனங்கள் என்று. அந்த டியூப் லைட்டையே அவர்கள் நம்பவில்லை என்பது எனக்கு அன்று தோன்றவில்லை.

5

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது ஹன்ஸாபென் கடையைப் பற்றிச் சொன்னதும் சரோஜா கரண்டியைக் கீழே வைத்தாள்.

“அந்தக் கடையா? அங்க யாரும் போமாட்டாங்க. பங்கஜம் அக்காவ அந்த ஆளு திருடின்னு சொல்லிட்டான்.”

பங்கஜம் அம்மாள் இங்கத்துத் தமிழர்களுக்குள் பெரிய மனுஷி. மதராஸ்காரர். ஒரு மாதா கோயிலின் கீழ்த்தளத்தை வாடகைக்கு எடுத்து வெள்ளிக்கிழமைப் பஜனை நடத்துகிறவர். அவர் வாயில் ஒரு சொல் வந்தால் ஊர் வாயிலேயே வந்த மாதிரி. வருகிற கோடையில் அவர் பெண்ணுக்குக் கல்யாணம்.

நடந்தது இதுதான். அவர் முகூர்த்தப் பட்டுப் பார்க்க அந்தக் கடைக்குப் போயிருக்கிறார். ஹன்ஸாபென் அரக்குப் புடவையை எடுத்துப் போட்டிருக்கிறார். அது இவர் கண்ணுக்குக் கறுப்பாகத் தெரிந்திருக்கிறது. முகூர்த்தத்துக்குக் கறுப்பா என்று மனசு திடுக்கிட்டு, எதற்கும் பார்ப்போம் என்று புடவையைக் கையில் எடுத்துக்கொண்டு, மதராஸிலும் காஞ்சிபுரத்திலும் செய்கிற மாதிரி நேரே தெருவுக்கு நடந்திருக்கிறார். கதவோரம் ஜெயந்திபாய்.

“பின்னாலயே ஓடியாந்து பொடவைய புடுங்கிட்டானாம். போலீஸுன்னு கத்தனானாம். தெருவுல அத்தினி வெள்ளக்காரங்க பாத்துக்கினு இருந்தாங்களாம். அக்கா பஜனைல சொல்லி அழுதுட்டாங்க.”

இந்த ஊர்ச் சட்டத்தில் ஜெயந்திபாய் செய்தது சரி. பணம் கட்டாமல் கதவைத் தாண்டினால் திருட்டு. நம் ஊர் வழக்கத்தில் பங்கஜம் அம்மாள் செய்ததும் சரி. வெயிலில் பார்க்காமல் பட்டெடுத்தால்தான் தப்பு. இரண்டு சரிகளும் ஒரு கடை வாசலில் முட்டிக்கொண்டன, நடுவில் ஹன்ஸாபென்னின் பிழைப்பு மாட்டிக்கொண்டது. எனக்கு ஹன்ஸாபென்னை நினைத்து மனசு கஷ்டமாக இருந்தது. கூடவே, உண்மையைச் சொன்னால், ஒரு குறுகுறுப்பும் இருந்தது. அரக்கு எப்படிக் கறுப்பாகும்?

“உன் மொகூர்த்தப் பொடவைய கொஞ்சம் குடு” என்றேன்.

“எதுக்கு?”

“கடைல வெச்சுப் பாக்கணும்.”

“நல்லா இருக்குதே. கல்யாணப் பொடவைய கடைக்குத் தூக்கினு போவீங்க, நீங்க திரும்பி வரும்போது அந்த ஆளு புடிச்சுக்குவான்.” ஆனால் அவளுக்கும் குறுகுறுப்பு. மறுநாள் புடவையைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு அவளே கூட வந்தாள். பள்ளிக்கூடம் விட்டு மலரும் வந்தாள்.

6

சரோஜாவின் புடவை அசல் அரக்கு. அவள் அப்பா நெய்தது. அந்த டியூப் வெளிச்சத்தில் பையிலிருந்து வெளியே எடுத்ததும், அது ஆறிப்போன டிகாக்ஷன் மாதிரி கிடந்தது. சரோஜாவுக்கு முகமே மாறிவிட்டது. ஜரிகை பித்தளைபோல மந்தமாக இருந்தது. காய்ச்சல்காரன் அறை என்று எனக்குப் பட்டது இதனால்தான்.

விஷயம் எளிது. மலிவாக எரிகிற அந்த ரக டியூபின் வெளிச்சத்தில் சிவப்பு ரொம்பக் குறைச்சல். விளக்கு கொடுக்காத நிறத்தைப் புடவை எங்கிருந்து திருப்பிக் கொடுக்கும்? நிறத்தைச் சரியாகக் காட்டுகிற டியூபும் கடைகளில் கிடைக்கிறது. விலை கூட. அதைவிட மோசம், அதே கரண்டை வாங்கிக்கொண்டு வெளிச்சத்தைக் குறைவாகத்தான் தரும். மாதிரிக்கு ஒரு தட்டில் மாட்டிப் பார்த்தேன். அரக்கு அரக்காக வந்தது, ஆனால் அந்த மூலை மங்கிவிட்டது. கடை முழுக்க இதைப் போட்டால் தட்டுகளை அதிகமாக்க வேண்டும். பில் ஏறும். ஹன்ஸாபென் உதட்டைக் கடித்துக்கொண்டார். ஜெயந்திபாய் முக்காலியிலிருந்தே தலையை ஆட்டிவிட்டார்.

நான் ஏணி உச்சியில் நின்றுகொண்டு வழி யோசித்துக்கொண்டிருந்தேன். கீழே சரோஜா வேறு பிரச்சினையில் இருந்தாள். புடவையை முழுசாக விரித்துப் பார்க்க ஆசை. ஆனால் எல்லோரும் பூட்ஸ் காலோடு நடக்கிற கம்பளத்தில் கல்யாணப் பட்டைப் போடுவாளா?

“ஒரு வெள்ள துணி இருந்தா குடுங்களேன்” என்று தமிழிலேயே கேட்டு, கையாலும் காட்டினாள். ஹன்ஸாபென் உள்ளே போய் ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பைக் கொண்டுவந்தார். இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு முனையாகப் பிடித்து உதறி அந்த மூலையிலேயே தரையில் விரித்தார்கள்.

ஏணியில் இருந்த எனக்குத்தான் அது நன்றாகத் தெரிந்தது. விரிப்பு தரையில் படிந்ததும் அந்த மங்கல் மூலை எழுந்து உட்கார்ந்தது. ஹன்ஸாபென்னின் தாடைக்குக் கீழே வெளிச்சம், அலமாரியின் அடித்தட்டில் வெளிச்சம், என் ஏணிக் காலில் வெளிச்சம். புதைத்த விளக்கு கீழே மட்டும்தான் பார்க்கும். கீழே இருக்கிற காப்பி நிறக் கம்பளம் அத்தனையையும் குடித்துவிட்டு ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தது. வெள்ளைத் துணி அதைத் திருப்பி அனுப்பியது.

காஞ்சிபுரம் பட்டுக் கடைகளில் எல்லாம் தரையோடு தரையாக வெள்ளை விரிப்பு மெத்தை போட்டிருப்பார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு அதில் உட்கார்ந்துதான் புடவை பார்ப்போம். சுத்தத்துக்காக என்றுதான் நினைத்திருந்தேன். அந்தக் கடைகளில் வயர் இழுத்த நான், பாதி விளக்கு தரையில் விரிந்து கிடந்ததைக் கவனிக்கவே இல்லை.

“அந்த விரிப்பை எடுக்காதீங்க” என்று மேலேயிருந்து சொன்னேன். எந்த மொழியில் சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. இரண்டு பேருக்கும் புரிந்தது.

பிறகு வேலை மளமளவென்று நடந்தது. நல்ல நிறம் காட்டுகிற டியூபை எல்லாத் தட்டிலும் மாட்டவில்லை. சுவரோரம் அலமாரிகளுக்குப் பழைய டியூபே போதும், அதிலும் ஒன்றுவிட்டு ஒன்றைக் கழற்றினேன். நடுவில் கம்பளத்துக்கு மேலே மேடைபோல வெள்ளை மெத்தை. அதன் மேலே மட்டும் நல்ல டியூப். ஜரிகை மினுங்க வேண்டும் என்றால் ஓர் இடத்திலிருந்து பாய்கிற வெளிச்சம் வேண்டும், டியூப் அதைச் செய்யாது. அதனால் மெத்தைக்கு நேர்மேலே வெள்ளி பூசிய பல்போடு சில பானைகள், அவற்றுக்குத் தனி சுவிட்ச். புடவை விரிக்கும்போது போடலாம், மடித்ததும் அணைக்கலாம். என் மாமியாரின் கம்பிப் பல்புதான் இது, கூரைக்குள் போயிருக்கிறது என்று சரோஜாவிடம் சொன்னேன். வாட் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் முன்னைவிடக் கொஞ்சம் குறைவாகவே வந்தது. ஜெயந்திபாய் அந்தக் கூட்டலைத் தானும் ஒரு தடவை போட்டுப் பார்த்தார்.

வேலை முடிந்த அன்று, பங்கஜம் அம்மாள் ஏன் வாசலுக்குப் போனார் என்பதை ஹன்ஸாபென்னிடம் சொன்னேன். அவர் மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

“வெளிச்சம் பார்க்கவா?” என்றார். “கம்பாலாவில் எங்கள் கடைக்கு முன்பக்கச் சுவரே கிடையாது. வெயில் உள்ளேயே கிடக்கும். யாரும் வெளியே போக வேண்டியிருந்ததே இல்லை. அந்த அம்மா திருடுகிறார் என்றுதான் நானும் நினைத்தேன்.” பிறகு புருஷனிடம் குஜராத்தியில் நீளமாக ஏதோ சொன்னார். எனக்கு அந்த மொழி தெரியாது. ஆனால் ஜெயந்திபாய் எழுந்து போய் அந்த அட்டையைக் கழற்றிக் குப்பைக் கூடையில் போட்டதிலிருந்து சாரம் விளங்கியது.

விளக்கு சரியாகிவிட்டது. மனுஷர்கள் பாக்கி இருந்தார்கள். அது வயர்மேன் வேலை இல்லை என்று சரோஜா எடுத்துக்கொண்டாள். பஜனைக்குப் போகிற வெள்ளிக்கிழமைகளில் பங்கஜம் அம்மாளிடம் மெல்ல மெல்லப் பேச்சுக் கொடுத்தாள். ‘அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்’ என்பது அவள் நம்பிக்கை. பங்கஜம் அம்மாள் அம்மியைவிடக் கனமானவர் என்பது என் நம்பிக்கை.

7

நேற்று சனிக்கிழமை. பங்கஜம் அம்மாள் வந்தார்.

சரோஜாவோடும் மலரோடும் நானும் போயிருந்தேன். வெளியே பனி கொட்டி ஓய்ந்திருந்தது. கடைக்குள் நுழைந்ததும் அந்த அம்மாள் கதவோரத்தைத்தான் பார்த்தார். முக்காலி இல்லை. ஜெயந்திபாய் அலமாரிப் பக்கம் நின்றுகொண்டு, கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் முன்னால் கட்டினார், பின்னால் கட்டினார்.

“சரோஜா சொன்னதுக்காக வந்தேன்” என்றார் பங்கஜம் அம்மாள் என்னிடம். “எடுக்கணும்னு இல்ல. ஒரு பார்வை பாத்துட்டு போய்க்கினே இருப்பேன்.”

மேல்கோட்டைக் கழற்றவில்லை. ஒரு காலில் மட்டும் பூட்ஸைக் கழற்றி, மெத்தையின் விளிம்பில் ஒதுங்கி உட்கார்ந்தார். இன்னொரு காலின் பூட்ஸ் போகிற வழியைப் பார்த்தபடி இருந்தது.

ஹன்ஸாபென் போய்த் தனி சுவிட்சைப் போட்டார். மெத்தையின் மேல் வெளிச்சம் இறங்கியது. விளக்குப் போட்டதும் கும்பிடுவது குஜராத்திகளுக்கும் வழக்கம்போலிருக்கிறது. ஹன்ஸாபென் கூரையைப் பார்த்துக் கைகூப்பினார். பங்கஜம் அம்மாள் அனிச்சையாக எதிரே இருந்த வெள்ளை விரிப்பைப் பார்த்துக் கைகூப்பினார். சரோஜா இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ பார்த்துக் கைகூப்பினாள். மலர் ஓடிப் போய் சுவிட்சைக் கும்பிட்டாள். நாலு பேரும் நாலு திசை. அதைப் பார்த்து முதலில் சிரித்தது பங்கஜம் அம்மாள்தான். சிரித்துவிட்டோமே என்று உடனே முகத்தை இறுக்கிக்கொண்டார்.

ஹன்ஸாபென் அன்று தெருவுக்குப் போன அதே அரக்குப் புடவையைக் கொண்டுவந்து விரித்தார். உடல் அரக்கு, கரை பச்சை. ஜரிகை மினுங்கிற்று. பங்கஜம் அம்மாள் தலைப்பை விரலால் நிமிண்டினார், சாய்த்துப் பார்த்தார், கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். பிறகு புடவையைக் கீழே வைத்தார்.

அப்போது ஹன்ஸாபென் ஒரு காரியம் செய்தார். யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. புடவையை மடித்து இரண்டு கையாலும் ஏந்தி, பங்கஜம் அம்மாள் கையில் வைத்தார். பிறகு நேரே வாசலுக்குப் போய்க் கதவை அகலமாகத் திறந்து, அதைத் தன் முதுகால் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார். மெல்லிய சேலை கட்டிய அந்த அம்மாவின் மேல் குளிர்காற்று அடித்தது. தெருவைக் காட்டி, “போய்ப் பாருங்கள்” என்று சொல்ல நினைத்தார். “போங்கள்” என்பது மட்டும்தான் வாயில் வந்தது. கண்ணில் நீர் நின்றது. குளிரால் மட்டும் வந்த நீர் இல்லை அது.

பங்கஜம் அம்மாள் கையில் இருந்த புடவையைப் பார்த்தார். திறந்த கதவைப் பார்த்தார். அதற்கு அப்பால் வெள்ளையாகக் கிடந்த தெருவைப் பார்த்தார். அதே தெருவில்தான் அன்று அவரைத் துரத்தினார்கள். பிறகு சரோஜா பக்கம் திரும்பினார்.

“கதவ சாத்தச் சொல்லும்மா. குளுருது.”

ஜெயந்திபாய்க்குத் தமிழ் தெரியாது. என் கையைப் பிடித்துக்கொண்டு, என்ன சொல்கிறார், என்ன சொல்கிறார் என்று கேட்டார். கதவைச் சாத்தச் சொல்கிறார் என்றேன். அவர் முகம் விழுந்துவிட்டது. எல்லாம் முடிந்தது என்று நினைத்திருப்பார். தளர்ந்த நடையில் போய், மனைவியின் தோளைத் தொட்டு விலக்கி, கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினார்.

திரும்பியபோது பங்கஜம் அம்மாள் மேல்கோட்டைக் கழற்றி மலரிடம் கொடுத்துவிட்டு, இரண்டாவது பூட்ஸின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

“உள்ளயே நல்லாத் தெரியுது” என்றார். “மாப்ள வூட்டுக்கும் எடுக்கணும். ஒவ்வொண்ணா போடச் சொல்லு.”